அடிமானத்தை முதலில் பார்த்தவர்

போதுமான காலம் பேசாமல் இருந்தாயிற்று. ஞானப்பிரகாசம் சார் உயிரோடு இருக்கும்வரை ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நானாக விரும்பிக் கொடுத்த வாக்கு இல்லை, அவராக வாங்கிக்கொண்டது. இப்போது அவர் இல்லை.

செய்தி வந்த காலையில் நாமக்கல்லில் ஒரு பேக்கரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழைய ஆசிரியர்கள் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. கறுப்புக் கரை, பள்ளியின் சின்னம், நடுவில் அவர் முகம். ஆசிரியர் அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படம். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா தெரிந்தது. கீழே, எங்கள் பள்ளியில் பல்லாண்டு கணிதம் கற்பித்து விருப்ப ஓய்வு பெற்றவர் என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்ட பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். விருப்ப ஓய்வு என்றே இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு சேலம் பஸ் ஏறினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முன்னாள் மாணவர்கள் சிலருக்கு அவரைப் பாதிதான் தெரியும். நாமக்கல் பக்கத்தில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவர். சேலம் டவுனில் பழைய கத்தோலிக்கக் குடும்பம். வாரம் முழுவதும் பள்ளிக் குடியிருப்பில் தங்குவார். சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய் ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திரும்புவார். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

வேலை போன பிறகு அவர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிபோனார். ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகள் கியர் மாற்றும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும் வீடு. நான் போனபோது வாசலில் சாமியானா போட்டு நாற்காலி வரிசை வைத்திருந்தார்கள். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளில் எங்கள் பள்ளிக்காரர்கள் சிலர். அவர்களில் ஒருவர் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"மனுசன் தங்கமுங்க. அவரு கோயில் பிள்ளைக்கு மார்க்கு அள்ளிப் போட்டதுலதான் பேரு கெட்டுப்போச்சு."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம். போய்ச் சேந்துட்டாரு, உடுங்க" என்றார் இன்னொருவர். பொய் என்று அவரும் சொல்லவில்லை.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு உள்பக்கம் பிலோமினா அக்கா, சாரின் மனைவி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மாலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைச் சமையலறைப் பக்கம் வரச் சொல்லிக் கை காட்டினார். அங்கே வைத்துக் கேட்டார்.

"சார், அந்தப் பிள்ளைக்கு இவரு மார்க் போட்டுக் குடுத்தாரா?"

இத்தனை காலம் அவருக்கும் தெரியாது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கேட்டப்பல்லாம், விடைத்தாள் விஷயத்த வீட்ல பேசக் கூடாது பிலோமினா, அப்படின்னு மட்டும் சொல்வாரு. திருத்தறப்ப நீங்க கூட இருந்தீங்க. சொல்லுங்க சார்."

"இல்லைங்க அக்கா. போட்டுக் குடுத்திருக்கவே முடியாது."

"எங்கிட்டச் சொல்லி என்ன சார்" என்றார். நாற்காலிகள் இருந்த பக்கம் தலையை அசைத்தார். "அவங்ககிட்டச் சொல்லுங்க."

கல்லறைத் தோட்டம்வரை கூட நடந்தேன். அங்கே சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிக் கணக்குப் போடுவார் என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நடந்தது புரியாது.

எங்கள் பள்ளியில் வெகுகாலம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் என்பது அதிகாரிகள் வரும் நாளில் பெட்டியிலிருந்து எடுக்கும் பொருள். இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே நடக்கும். அந்தக் காலத்திலும் ஞானப்பிரகாசம் சார் மட்டும் காலைப் படிப்பு நேரத்தில் கொஞ்சத்தைத் திருடி, விட்டுப்போன பாடங்களை எடுப்பார். ஒரு நாள் வராந்தாவில் போகும்போது நின்று கேட்டேன். மடக்கை, அதாவது லாக், நடந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த பையன் ஒருவன், அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் ஓடுகின்றன, எழுந்து லாக் எப்படி சார் மைனஸில் வரும் என்று கேட்டான். சார் கரும்பலகையில் ஒரு கிடைக்கோடு இழுத்தார்.

"உங்கப்பா போர் போடறாரே, தரை எங்கேன்னு பாத்துட்டுத்தானே ஆழம் சொல்றாரு? இங்க ஒண்ணுதான் தரை. ஒண்ணோட லாக் பூஜ்யம், எந்த அடிமானமா இருந்தாலும் சரி. ஒண்ணுக்கு மேல போனா ஒரு குறி, கீழ போனா எதிர்க்குறி. எது பிளஸ், எது மைனஸ்னு மட்டும் நீயா சொல்லாத. அடிமானத்தக் கேளு, அது சொல்லும்."

அவருடைய முறையை இங்கே எழுதி வைக்கிறேன். மறந்தவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முதலில், லாக்குக்கு உள்ளே இருப்பது பூஜ்யத்துக்கு மேலா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் அங்கே லாக்கே கிடையாது, பிளஸ் மைனஸ் பேச்சுக்கே இடமில்லை. அடுத்து அடிமானம், அதாவது லாக்குக்கு அடியில் சின்னதாக எழுதும் எண், ஒன்றுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, உள்ளே இருப்பது ஒன்றுக்கு எந்தப் பக்கம். இரண்டும் ஒரே பக்கம் என்றால் விடை மிகை, அதாவது பிளஸ். எதிரெதிர்ப் பக்கம் என்றால் குறை, மைனஸ். மூன்று அடிமானத்தில் ஒன்பதின் மடக்கை இரண்டு. மூன்றில் ஒன்று அடிமானத்தில் அதே ஒன்பதின் மடக்கை மைனஸ் இரண்டு. ஒன்பது மாறவில்லை. அது நிற்கும் இடம் மாறிவிட்டது. "உள்ள இருக்கறதப் பாத்துட்டு அவசரப்படாதீங்க. அடிமானத்த முதல்ல பாருங்க" என்பதை அவர் ஒரு வகுப்பில் எத்தனை முறை சொல்வார் என்று பின் பெஞ்சில் பந்தயம் வைப்பார்கள். ஆசிரியர் அறையிலும் சொல்வார். யாராவது யாரைப் பற்றியாவது குறை பேசினால், "யாரு சொன்னா? அடிமானத்தப் பாருங்க சார்" என்பார். அந்த அறையில் குறை பேசியவன் பெரும்பாலும் நான்தான்.

இன்னொரு பழக்கம். அதை அவர்தான் எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு வந்ததும், ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதிய முதல் பக்கத்தை உள்பக்கமாக மடித்து ஸ்டேப்ளரால் பின் அடித்துவிட வேண்டும். திருத்துபவருக்குப் பெயர் தெரியாது. மதிப்பெண்ணைக் கூட்டிக் கடைசிப் பக்கத்தில் எழுதிய பிறகுதான் பின்னைப் பிரிக்கலாம். திருத்துகிறவர் மடிக்கக் கூடாது, வேறொருவர் மடிக்க வேண்டும். எங்களில் சிலர் முறை வைத்து அதைச் செய்தோம். பொதுத்தேர்வு மாதிரி என்று நிர்வாகத்துக்கும் அது பிடித்திருந்தது, பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பின் காரணமாக எனக்கு அவரோடு ஒரு பருவம் முழுக்கப் பேச்சு இல்லாமல் போனது. எனக்கு வேண்டிய பையன் ஒருவன் அங்கே படித்தான். எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டிருந்தான். ஒரு லாக் கணக்கில், உள்ளே இருப்பது பூஜ்யத்துக்கு மேல் என்ற வரியை எழுதாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் பிடித்து, நூற்றுக்கு நூறைக் கெடுத்துவிட்டார். விடை சரிதானே என்று சண்டைக்குப் போனேன்.

"பின்னைப் பிரிச்சப்பறம்தான் சார் அது உங்க பையன்னு எனக்குத் தெரிஞ்சது" என்றார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா முழுசாப் போட்டிருப்பேன். அதுக்குத்தான் பின்னு."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அதை இந்த இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவரிடம் இப்படி அரை மதிப்பெண் இழந்தவர் இல்லை.

பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுத் தேர்வு என்று அறிவிப்பு வந்த சமயம். பள்ளியில் பலருக்கு அந்தப் புத்தகமே புதிதாக இருந்தது. அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஒருங்கிணைப்பாளரைக் கொண்டுவந்தார்கள். பல பள்ளிகளுக்குக் கேள்வித் தொகுப்பு அச்சடித்துக் கொடுக்கிறவர். விடுதிப் பிள்ளைகள் காலையும் மாலையும் அந்தத் தொகுப்பையே படித்தார்கள், படி படியாக, வரி வரியாக, செய்யுள் மாதிரி. பாடப்புத்தகத்தைத் திறக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. திறந்தால் விடுதிக் காப்பாளர் திட்டுவார்.

திருப்புதல் தேர்வில் ஒரு கேள்வி. மூன்றில் ஒன்று அடிமானத்தில், இரண்டு எக்ஸ் கழித்தல் ஐந்தின் மடக்கை எப்போது மிகையாக இருக்கும்? தொகுப்பிலும் அதே கேள்வி, விடைக்குறிப்பிலும் அதே விடை: எக்ஸ் மூன்றைவிடப் பெரிது. அந்தத் தவறு எப்படி வந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பழைய கேள்வியில் அடிமானம் மூன்று. அதற்கு அந்த விடை சரி. கேள்வி புதிதாகத் தெரிய வேண்டும் என்று அடிமானத்தை மூன்றில் ஒன்றாக மாற்றியவர், விடையை மாற்ற மறந்துவிட்டார். எண்ணை மாற்றிப் புதுக் கேள்வி செய்யும் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தவறுதான். தெரிந்த பிறகும் திருத்த மறுத்ததுதான் குற்றம்.

உணவுக்கூடத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தோம். மதியம் போட்ட முட்டையின் வாசனை போகவில்லை. அந்தக் கட்டின் முதல் பக்கங்களை மடித்துப் பின் அடித்தவன் நான். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு தாளையும் நான் மடித்தேன், நான் அழுத்தினேன், நான் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் விடைக்குறிப்பைப் பார்த்தார், என் பக்கம் தள்ளினார். "எக்ஸுக்கு நாலு போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். உள்ளே மூன்று வருகிறது. மூன்றில் ஒன்று அடிமானத்தில் மூன்றின் மடக்கை மைனஸ் ஒன்று. மிகை எங்கே இருக்கிறது? அடிமானம் ஒன்றுக்குக் கீழே; விடை மிகையாக வேண்டுமானால் உள்ளே இருப்பதும் ஒன்றுக்குக் கீழே, ஆனால் பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்படியானால் எக்ஸ் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். அவர் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். தொகுப்பில் உள்ளபடி திருத்துங்கள் சார், மாநிலம் முழுக்க அதுதான் போகிறது என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

தாள் தாளாக எக்ஸ் மூன்றைவிடப் பெரிது என்றே வந்தது. அவர் தவறு போட்டுக்கொண்டே போனார். நடுவில் ஒரு தாளில் கை நின்றது. அந்தப் பையனோ பெண்ணோ சரியான விடையை எழுதி, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே தொகுப்பின் விடையை எழுதியிருந்தது. அப்படி இன்னும் சில தாள்கள் வந்தன. அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது, அது எல்லா இடத்திலும் உள்ள விதி. முதலில் கை நின்ற தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"இவனுக்குத் தெரிஞ்சிருக்கு சார்" என்றார். "பயந்துட்டான்."

பிறகு அந்தத் தாள் வந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. சின்னதாக ஒரு வரைபடம், தலைகீழாகக் கவிழ்ந்து இறங்கும் கோடு, ஒன்றில் ஒரு புள்ளி, கீழே இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் என்ற விடை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "யாரு சார் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கையை உயர்த்தி, "வேண்டாம், சொல்லாதீங்க. முடிச்சிட்டுப் பாப்போம்" என்றார். மடித்த எனக்கும் எது யாருடையது என்று ஞாபகம் இல்லை என்பது வேறு.

கட்டு முழுக்க முடித்து, கூட்டி எழுதி, பின்னைப் பிரித்தோம். பெயரைப் படித்தவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். விடுதியில் தங்காமல் பஸ்ஸில் வந்து போகும் பெண். அவர் பாடம் எடுக்காத வேறு பிரிவு. ஆனால் குடும்பத்தை அவருக்குத் தெரியும். சேலத்தில் அவர் பூசைக்குப் போகும் கோயிலின் பங்கிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தவர்கள்.

"நம்ம பங்குப் பிள்ளையா" என்றார். "வேற யாராவதா இருந்திருக்கக் கூடாதா சார்."

என்ன வரப் போகிறது என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை அப்போதே விடைக்குறிப்பின்படி அடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரும் நாள். பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளாளர் அறைக்குப் போனார்கள். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவர், பெயர் வேண்டாம், விடுதிப் பிள்ளை அத்தனை பேருக்கும் தப்பு, ஊட்டுல இருந்து வர்ற ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிச் சரி என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பாடப்புத்தகத்தில் இருந்தது. யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் வேறு ஒரு பதிலைத் தேடிக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளை யார், எந்தக் கோயில் என்று.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டம். தாளாளர் கோழிப்பண்ணையிலிருந்து பள்ளி நடத்த வந்தவர். அதில் எனக்கு இளக்காரம் எதுவும் இல்லை. பண்ணையை ஒழுங்காக நடத்தினார் என்றுதான் கேள்வி. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க சார், அத்தன பிள்ளையும் ஒரு மாதிரி எழுதியிருக்குது, ஒரே ஒரு பிள்ளை வேற மாதிரி எழுதியிருக்குது. எது சரின்னு எனக்குத் தெரியாதுங்க, நான் உங்களாட்டம் படிச்சவனில்ல. ஆனா அந்த ஒரு பிள்ளை யாருன்னு கேட்டா உங்க கோயில் பிள்ளைங்கறாங்க. நான் என்னன்னு நெனைக்கோணும்? நீங்களே சொல்லுங்க சாமி."

கணக்கு ஆசிரியர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தோம். விடைக்குறிப்பு தப்பு என்று அத்தனை பேருக்கும் தெரியும். சிலர் முந்தின நாள் என்னிடமே சொன்னார்கள். தாளாளர் எங்கள் பக்கம் திரும்பி, விடைக்குறிப்பு தப்புங்கறவங்க எந்திரிங்க என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அன்று தரையைப் பார்த்தவர்களில் சிலரைத்தான் சாமியானாவுக்குக் கீழே நாற்காலியில் பார்த்தேன். நான் எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மேசைக்கு அடியில் என் முழங்கால் மேல் ஒரு கை வந்து விழுந்தது. கனமான கை. ஞானப்பிரகாசம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை, கையை மட்டும் எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி தாளாளரிடம் சொன்னார்.

"அந்தக் கணக்குக்கு அடிமானம் மூணுல ஒண்ணுங்க. அது ஒண்ணுக்குக் கீழ. அத என்னால மாத்த முடியாதுங்க."

அவ்வளவுதான் பேசினார். முதல் பக்கம் மடித்திருந்தது, எனக்குப் பெயர் தெரியாது என்று சொல்லவே இல்லை. ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், எழுத மறுத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். மாலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் வேறு ஒரு கை அந்தத் தாள்களில் மதிப்பெண்களை மாற்றியது. யாருடைய கை என்று எழுதப் போவதில்லை. அந்தக் கைக்காரருக்கு இப்போது பதவி பெரிது. குழுவில் வந்த கும்பிடும் கைகளில் அவர் கையும் இருந்தது.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஏன் என்னை எழுந்திருக்க விடவில்லை, பின் அடித்தது நான் என்று சொன்னால் எல்லாம் முடிந்திருக்குமே என்றேன்.

"முடியாது சார். உங்களையும் கூட்டுன்னு சொல்வாங்க, அது போகட்டும். அப்பறம் அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் நிக்க வெப்பாங்க. அவருக்கும் உனக்கும் என்னன்னு கேப்பாங்க. ஊரெல்லாம் பேசும். பொண்ணுப் பிள்ளை, படிச்சிட்டிருக்கு. நான் பேசினா அதோட பேரு வெளிய வரும். நான் இருக்கறவரைக்கும் இதப் பத்திப் பேசாதீங்க. எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். அவர் மேல் எனக்குள்ள கோபம் அங்கேதான் தொடங்கியது. தன் பெயரை யார் வேண்டுமானாலும் மிதித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவது அவர் உரிமை. அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது எந்த விதத்தில் நியாயம்? கதை வளர்ந்தது. முதலில் ஒரு கேள்விக்கு மதிப்பெண் போட்டார் என்றார்கள். பிறகு வினாத்தாளையே முன்கூட்டிக் கொடுத்தார் என்றார்கள். ஒரு திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடமே இதைச் சொல்லி, "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அவரோ கொண்டப்பநாயக்கன்பட்டியில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். போகும்போதெல்லாம் நான்தான் கொதிப்பேன். "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும் சார், மோர் குடிங்க" என்பார்.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். இப்போது நல்ல வேலையில், குடும்பத்தோடு இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதுவதாக இல்லை. சார் போன செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சாருக்கு வேலை போனது தன் தாளால்தான் என்பதும் அதுவரை தெரியாது. தன் மதிப்பெண் மாறியதைத் தேர்ச்சி அட்டையில் பார்த்திருக்கிறார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டிருக்கிறார். பிறகு சொன்னார்.

"எழுதுங்க சார். நான் அவர்கிட்டப் படிச்சதே இல்லைன்னும் எழுதுங்க. புத்தகத்துல படம் இருந்தது. அதப் பாத்துத்தான் போட்டேன்."

நண்பர்களே, நடந்தது இதுதான். அவருக்குப் பெயர் தெரியாது. தெரிந்த பிறகு மாற்றவில்லை. விருப்ப ஓய்வும் பெறவில்லை. சாமியானாவுக்குக் கீழே பேசியவர்கள், கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் போனால் பிலோமினா அக்காவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பவை அதிகம் இல்லை. முழங்கால் மேல் விழுந்த அந்தக் கையின் கனம் இருக்கிறது. யாரைப் பற்றி என்ன கேட்டாலும், சொன்னவர் யார், அவர் ஒன்றுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு முறை யோசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அளவுக்கு வரவில்லை. நான் யோசித்துவிட்டும் கோபப்படுகிறவன். இப்போதும் தாள் திருத்தும்போது முதல் பக்கத்தை மடித்துப் பின் அடித்துத் தரச் சொல்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் இளையவர்கள் சிரிக்கிறார்கள்.

முன்னாள் மாணவர்கள் நடத்தும் இணையப் பக்கத்தில் சாருக்கு அஞ்சலி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். இதை அங்கேதான் போடப் போகிறேன். அடியில் பெயர் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பயந்தவன் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். யார் என்று சிலர் கண்டுபிடித்தும் விடுவீர்கள். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியோடு எனக்கு இருக்கும் பகை ஊர் அறிந்தது. என் பெயரைப் பார்த்த மாத்திரத்தில், அவனா, அவனுக்கு எதைத் தொட்டாலும் குறைதான் என்று மூடிவைத்துவிடுவீர்கள். உங்களுக்கு என் பெயர் ஒன்றுக்குக் கீழே உள்ள அடிமானம். அதில் எவ்வளவு பெரிய உண்மையை வைத்தாலும் மைனஸாகத்தான் தெரியும். அந்த மைனஸ் இன்னொரு முறை அவர் மேல் விழ வேண்டாம்.

அதனால் முதல் பக்கத்தை மடித்துப் பின் அடித்திருக்கிறேன். யார் எழுதியது என்று தேடாமல், ஒவ்வொரு படியையும் சரிபாருங்கள். அவர் அப்படித்தான் திருத்துவார்.